அடுக்குப் போகன்விலா: எது வருத்தம், எது அதன் குணம்

எங்கள் கேற்றடியில் இரண்டு போகன்விலா நிற்கின்றன. ஒன்று அம்மம்மா காலத்துக் கடதாசிப்பூ, ஊதா நிறம், ஒற்றை. மற்றது மஹாரா என்கிற அடுக்கு இனம், கடும் சிவப்புக்கும் மெஜந்தாவுக்கும் நடுவில் ஒரு நிறம், கொப்பு நுனியில் கை நிறைய அள்ளலாம் போலக் குலைகுலையாகப் பூக்கும். ஒற்றைக்கு நான் ஒன்றுமே செய்வதில்லை, அது மதிலுக்கு மேலால் ஏறி ஒழுங்கை முழுக்கப் பூவைக் கொட்டுகிறது. மஹாரா அப்படியில்லை. பத்து வருஷத்தில் அது காட்டாத வருத்தம் இல்லை. அதில் பாதி வருத்தமே இல்லை, அந்த இனத்தின் குணம் என்று விளங்குவதற்குள் நாலு வருஷம் போய்விட்டது.

ஆகவே நோயின் பெயரை வைத்து எழுதாமல், கண்ணுக்கு என்ன தெரிகிறதோ அதை வைத்து எழுதுகிறேன். உங்கள் செடியில் தெரிவது எதுவோ அந்த இடத்தை மட்டும் வாசித்தாலும் போதும். ஆனால் ஒரு சொட்டு மருந்து தெளிக்க முன்னம், ஒரு பிடி பசளை போட முன்னம், குறை செடியின் எந்த இடத்தில் இருக்கிறது என்று நின்று பாருங்கள். புது இலையிலா, பழைய இலையிலா, நுனியிலா, அடியிலா. மருந்துக் கடையில் போய் நின்று "இலை மஞ்சளாகுது" என்று மட்டும் சொன்னால் கையில் கிடைப்பது பெரும்பாலும் தேவையில்லாத ஒரு போத்தல்தான்.

பூ காய்ந்து மண்ணிறமாகிவிட்டது, ஆனால் விழவில்லை

இது வருத்தம் இல்லை. மஹாரா வாங்கிய எல்லாரும் முதல் கேட்கிற கேள்வி இதுதான், நானும் பங்கசு என்று நினைத்து மருந்து அடித்திருக்கிறேன்.

போகன்விலாவில் நாங்கள் பூ என்று சொல்கிற நிறமான பகுதி பூ இல்லை. அது பூவைச் சுற்றி வருகிற இலை, பூவடிச் செதில் என்பார்கள். ஒற்றை இனத்தில் மூன்று செதில் இருக்கும். ஒன்றைப் பிடுங்கி உள்ளே பாருங்கள், ஒவ்வொரு செதிலின் நடு நரம்பிலும் ஒட்டிக்கொண்டு மெல்லிய குழல் ஒன்று நிற்கும், அதன் வாயில் சின்ன வெள்ளை நட்சத்திரம். உண்மையான பூ அதுதான். அந்தப் பூ முடிந்ததும் செதில் காய்ந்து காற்றில் கழன்றுவிடும், அதுதான் எங்கள் ஒழுங்கையில் குவிகிற ஊதாக் குப்பை. மஹாரா போன்ற அடுக்கு இனங்களில் அந்தக் குழலே இல்லை. பூவின் உள் உறுப்புகளும் செதிலாக மாறி அடுக்கடுக்காக வந்துவிடுகின்றன. அதனால்தான் அந்த அடர்த்தி, தூரத்திலிருந்து பார்த்தால் ரோசாக் கொத்துப் போல ஒரு தோற்றம். அதே காரணத்தால்தான் அது கழன்று விழுவதும் இல்லை. வாடிய குலை கொப்பிலேயே நின்று, வெளிறி, கடைசியில் தேயிலைச் சாயத்தில் தோய்த்த கடதாசி மாதிரி ஆகிவிடும். லொஸ் பனோஸ் பியூட்டி என்கிற இளஞ்சிவப்பும் வெள்ளையும் கலந்த அடுக்கும் இப்படித்தான்.

செய்ய வேண்டியது ஒன்றுதான். குலை வெளிறத் தொடங்கியதும், அதற்குக் கீழே இரண்டு மூன்று கணு சேர்த்து வெட்டிவிடுங்கள். பூவை மட்டும் கையால் உருவி எடுத்தால் நுனி மொட்டையாக நிற்கும். கணுவோடு வெட்டினால் அந்த இடத்தில் இரண்டு கொப்பு வெடிக்கும், இரண்டிலும் பூ வரும். கார்த்திகை மழைக்கு முன்னம் இதைக் கட்டாயம் செய்யுங்கள், ஏனென்றால் காய்ந்த அடுக்குக் குலை பஞ்சு மாதிரித் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும், இரண்டு நாள் மழையில் உள்ளே பூஞ்சணம் பிடித்துக் கொப்பு நுனியும் சேர்ந்து அழுகும். அப்போதுதான் இந்தக் குணம் வருத்தமாக மாறுகிறது.

லண்டனில் இருக்கிற என் அக்காவிடம் இதைச் சொன்னபோது, தன் வீட்டு ஹெல்லெபோரும் இப்படித்தான் என்றா. மாசி மாதக் குளிரில், வேறு எதுவும் பூக்காத நேரத்தில், தலையைக் குனிந்துகொண்டு பூக்கிற செடி அது. அதிலும் இதழ் மாதிரித் தெரிவது இதழ் இல்லை, புல்லி, மொட்டை மூடி நிற்கிற வெளி உறை. உண்மையான இதழ்கள் சுருங்கித் தேன் சுரக்கிற சின்னக் கிண்ணங்களாக நிற்கும், அந்தக் கிண்ணங்கள் அகன்று இதழாக விரிந்தால் அதுதான் அடுக்கு ஹெல்லெபோர். புல்லி என்பதால் அதுவும் சட்டென்று விழாது, கிழமைக்கணக்கில் நின்று மெல்ல மெல்லப் பச்சையாகும். விதை கொண்டுவரட்டோ என்று கேட்டா, வேண்டாம் அக்கா என்றுவிட்டேன். அந்த விதைக்கு முதலில் சூடும் பிறகு மாதக்கணக்கில் குளிரும் வேண்டும், யாழ்ப்பாணத்தில் அந்தக் குளிருக்கு எங்கே போவது. செடி முழுக்க நஞ்சும் கூட, பேரப்பிள்ளைகள் ஓடித் திரிகிற முற்றத்துக்கு அது சரிவராது.

கொப்பு ஆளுயரத்துக்கு ஓடுகிறது, இலையும் முள்ளும்தான், பூ இல்லை

இதற்குத்தான் நான் கூட நேரம் எடுக்கப் போகிறேன், ஏனென்றால் ஊரில் பூக்காத போகன்விலாக்களில் முக்கால்வாசி பசியால் பூக்காமல் நிற்கவில்லை, வயிறு நிறைந்ததால் பூக்காமல் நிற்கின்றன.

ஒரு நீளமான கொப்பைப் பிடித்து இலைக்கக்கத்தைக் கிட்டப் பாருங்கள். ஒவ்வொரு இலையும் தண்டோடு சேருகிற இடத்தில் ஒரு முள் நிற்கும். பூக்கிற கொப்பில் அதே இடத்தில் முள்ளுக்குப் பதிலாகப் பூக்குலை நிற்கும். இரண்டும் ஒரே மொட்டின் இரண்டு முகம், முள் என்பது பூக்குலையாக வரவேண்டியது வேறு வழிக்குத் திரும்பியது. நிழலும் தண்ணீரும், இலையை வளர்க்கிற தழைச்சத்தும் (நைதரசன்) கூடினால் மொட்டு முள்ளாகப் போகும். வெயில் கிடைத்து மண்ணும் கொஞ்சம் காய்ந்தால் பூவாகப் போகும். சில கொப்புகளில் முள்ளின் நுனியில் ஒரு சின்ன நிறத் துணுக்கு தொங்குவதைக் கூட நான் பார்த்திருக்கிறேன், பாதி வழியில் மனம் மாறிய மொட்டு அது.

முதலில் வெயிலை எண்ணுங்கள். நேர் வெயில் ஒரு நாளைக்கு ஆறு மணித்தியாலமாவது விழவேண்டும். போட்டிக்கோவுக்குள்ளே, மாமரத்துக்குக் கீழே, மதிலின் வடக்குப் பக்கம் ஒட்டி வைத்தால் இலைதான் மிஞ்சும். காலமை எட்டு மணிக்கும் மதியமும் பின்னேரம் மூன்றுக்கும் போய் நிழல் எங்கே விழுகிறது என்று ஒரு நாள் பாருங்கள், போதும்.

பிறகு தண்ணீர். பிரேசிலின் வரண்ட பக்கங்களிலும் வளர்கிற சாதி இது. 1767 இல் பிரெஞ்சுக் கப்பலில் ரியோ டி ஜெனீரோவில் போய் இறங்கிய கொமேர்சோன் என்ற தாவரவியலாளர் இதைச் சேகரித்து, கப்பல் தலைவரான பூகன்வில்லின் பெயரை இதற்கு வைத்தார். கோடை காய்ந்து, அதற்குப் பிறகு மழை கண்டு பூக்கிற பழக்கம் இதன் இரத்தத்தில் இருக்கிறது. நாங்கள் என்ன செய்கிறோம், மல்லிகைக்கு ஊற்றுகிற மாதிரி விடியவும் பின்னேரமும் ஊற்றுகிறோம். பக்கத்து வீட்டு அன்ரி தன் சாடியைக் காட்டி "தம்பி, நான் ஒரு நாளும் தண்ணி விடாமல் இருந்ததில்லை, ஏன் பூக்குதில்லை?" என்று கேட்டபோது, "அதுதான் அன்ரி காரணம்" என்று சொல்ல எனக்கே கவலையாக இருந்தது.

மூன்றாவது தழைச்சத்து. யூரியா, கோழியெரு இரண்டையும் போகன்விலாப் பக்கமே கொண்டுபோக வேண்டாம். இங்கே இன்னொன்றும் இருக்கிறது. யாழ்ப்பாணத்தின் வலிகாமத்துத் தோட்டப் பகுதிகளில், வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் உருளைக்கிழங்குக்கும் போட்ட உரம் மண்ணுக்குள்ளால் இறங்கி, கிணற்றுத் தண்ணீரில் நைத்திரேற்றாகக் கூடியிருப்பது பல வருஷமாகத் தெரிந்த சங்கதி. அந்தத் தண்ணீரை ஒவ்வொரு நாளும் ஊற்றினால் பசளை போடாமலே பசளை போட்டதாகிவிடுகிறது.

வழி இதுதான். மழை ஓய்ந்த பிறகு, தை மாதக் கடைசியில், கொப்புகளை மூன்றில் ஒரு பங்கு வெட்டிக் குறுக்குங்கள். புதுக் கொப்பு ஒரு சாண் வளர்ந்ததும் நுனியைக் கிள்ளுங்கள், ஏனென்றால் பூ எப்போதும் புதுக் கொப்பில்தான் வரும். கிள்ளிய இடத்தில் துளிர் வந்ததும் தண்ணீரை நிறுத்துங்கள். சாடி மண்ணுக்குள் விரலை இரண்டாம் கணு வரைக்கும் விட்டுப் பாருங்கள், காய்ந்திருக்கிறதா, அப்போதும் ஊற்ற வேண்டாம். பின்னேரத்தில் இளம் இலைகள் தொய்ந்து தொங்குகிற நாள் வரும், அன்றைக்கு ஒரு அரைப் போத்தல். திரும்பவும் தொய்கிற வரைக்கும் காத்திருங்கள். இரண்டு மூன்று கிழமையில் நுனிகளில் அரிசி அளவில் சிவப்புத் தெரியும். அதைக் கண்டதும் பழையபடி ஒழுங்காகத் தண்ணீர் விடுங்கள். பலர் பிழை விடுவது இங்கேதான். மொட்டு வந்த பிறகும் காயவிட்டால் அத்தனையும் உதிர்ந்துவிடும். தை கடைசியில் வெட்டினால் சித்திரை வருஷப் பிறப்புக்கு எங்கள் கேற்றடி சிவந்து நிற்கும், நாலு வருஷமாக நான் இந்தக் கணக்கில்தான் செய்கிறேன்.

நிலத்தில் நிற்கிற செடியை இப்படிக் காயவிடுவது கஷ்டம், வேர் எங்கேயாவது ஈரத்தைத் தேடிப் போய்விடும். அதற்கு வெட்டும் வெயிலும் மட்டும்தான். கிணற்றடி வாய்க்கால் ஓரம் நட்டிருந்தால் பூவை மறந்துவிடுங்கள்.

இலை மஞ்சள்

எந்த இலை? அதற்குப் பதில் தெரியாமல் இந்தப் பகுதியை வாசிப்பதில் பயனில்லை.

நுனியில் வருகிற இளம் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக, மீன் முள்ளை வரைந்து வைத்தது போலத் தெரிந்தால் அது இரும்புச்சத்துக் குறை. யாழ்ப்பாணத்துப் போகன்விலாவின் சொந்த வருத்தம் என்று இதைத்தான் சொல்வேன். மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை, செம்மண்ணின் சிவப்பே இரும்புதான். ஆனால் எங்கள் நிலத்துக்கு அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல், அந்தக் கல்லுக்குள்ளே கிடக்கிற தண்ணீரைத்தான் கிணற்றிலிருந்து அள்ளுகிறோம். கேத்திலின் அடியில் படிகிற வெள்ளைப் படையைப் பாருங்கள், அதே படை சாடி மண்ணிலும் வருஷக்கணக்காக ஏறிக்கொண்டிருக்கிறது. மண்ணின் காரத்தன்மை கூடக் கூட இரும்பு வேர் எடுக்க முடியாத வடிவத்துக்குப் போய்விடும். சோற்றுப்பானைக்குப் பக்கத்தில் இருந்தும் பட்டினி கிடப்பது போலத்தான்.

சோதிக்க ஆசையா, ஒரு கரண்டி காய்ந்த மண்ணில் வினாகிரி விட்டுக் காதைக் கிட்ட வையுங்கள். நுரைத்து இரைந்தால் சுண்ணாம்பு கலந்திருக்கிறது. மதில் ஓரத்தில் நட்ட செடியென்றால் கட்டட வேலையின் சீமெந்துக் கழிவும் அடியில் கிடக்கும், தோண்டிப் பாருங்கள்.

அன்னபேதியை, அதாவது இரும்புச் சல்பேற்றை, மண்ணில் போடச் சொல்வார்கள். எங்கள் மண்ணில் அது சில நாளிலேயே துருவாகிப் பயனற்றுப் போகும். அன்னபேதியைத் தண்ணீரில் கரைத்து, லீற்றருக்கு இரண்டு மூன்று கிராம், பின்னேரம் இலையில் தெளித்தால் இலை பச்சையாகும், ஆனால் அடுத்து வருகிற இலை திரும்ப மஞ்சள்தான், பூவில் பட்டால் கறையும் பிடிக்கும். முதலில் ஒரு கொப்பில் தெளித்துப் பார்த்துவிட்டு மற்றதுக்குப் போங்கள். மண்ணில் நின்று வேலை செய்வது கீலேற்று இரும்பு, வேர் எடுக்கக்கூடிய வடிவத்திலேயே இரும்பைப் பிடித்து வைத்திருக்கிற மருந்து, அதிலும் எது என்பதைப் பார்த்து வாங்க வேண்டும். பொதியில் ஈ.டி.ரி.ஏ. என்று இருந்தால் அது காரமண்ணில் தாக்குப்பிடிக்காது. ஈ.டி.டி.எச்.ஏ. என்று இருக்கிறதைத் தேடுங்கள், கடும் சிவப்பு நிறத் தூள், தண்ணீரில் போட்டால் பீற்றூட் சாறு மாதிரிக் கலங்கும். அதை மண்ணில்தான் ஊற்ற வேண்டும், இலையில் இல்லை. நான் ஒரு கடையில் முதலாவதை வாங்கி மூன்று மாதம் ஊற்றினேன், செடி அப்படியே மஞ்சளாக நின்றது. இரண்டாவதை ஊற்றி மூன்றாம் கிழமை வந்த துளிர் கரும்பச்சை.

அதைவிடப் பெரிய மருந்து மழைத் தண்ணீர். கார்த்திகை, மார்கழியில் கூரைப் பீலித் தண்ணீரை இரண்டு பீப்பாயில் பிடித்து வைத்தால் சாடிச் செடிகளுக்கு மாசி, பங்குனி வரைக்கும் போகும். வாயை நுளம்பு வலையால் இறுக்கிக் கட்டுங்கள், டெங்கு அந்த மாதங்களில்தான் கூட.

இன்னொன்று, சாம்பல். அடுப்புச் சாம்பலில் பொட்டாசியம் இருக்கிறது, பூக்கும் என்று இந்தியாப் பக்கத்து வீடியோக்களில் சொல்வார்கள், முட்டைக்கோதும் அப்படித்தான். அவர்கள் மண் வேறு. சாம்பலும் முட்டைக்கோதும் சுண்ணாம்புப் பக்கம்தான் மண்ணைத் தள்ளும், ஏற்கெனவே சுண்ணாம்பில் திணறுகிற எங்கள் செடிக்கு அவை வேண்டாம். பழைய மாட்டெருவும் உக்கிய இலையும் போதும்.

சரி, மஞ்சள் புது இலையில் இல்லை, கீழே பழைய இலையில், நரம்புக்கு இடையால் என்றால் அது மக்னீசியம். எப்சம் உப்பு நாலு லீற்றருக்கு ஒரு மேசைக்கரண்டி, மாதம் ஒரு முறை, இரண்டு மூன்று முறை. அடி இலை நரம்போடு சேர்த்து முழுவதும் வெளிறினால் தழைச்சத்துக் குறை, நிலத்துச் செடியில் நான் கண்டதில்லை, பல வருஷம் மண் மாற்றாத சாடியில் வரும்.

இலையின் ஓரம் மட்டும் கருகி, சாடி விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருந்தால் உப்பு. தீவுப்பகுதியிலும் கரையோரத்திலும் ஆனி, ஆடியில் கிணறு சவராகும்போது இது வரும். போகன்விலா உப்பை ஓரளவு தாங்கும் செடி, நிலத்தில் நின்றால் சமாளிக்கும், சாடியில்தான் உப்புச் சேர்ந்து சேர்ந்து வேரைச் சுடும். ஆடியில் சோளகக் காற்றும் சேர்ந்து அடித்தால் ஒரே நாளில் கருகும். சாடியின் கொள்ளளவைப்போல இரண்டு மடங்கு நல்ல தண்ணீரை மெல்ல மெல்ல ஊற்றி அடியால் ஓடவிடுங்கள். சாடிக்குக் கீழே தட்டு வைத்திருந்தால் எடுத்து எறியுங்கள். சாடி மண் கலவைக்குக் கடற்கரை மணலும் பாவிக்கக் கூடாது, உப்பு ஒரு பக்கம், சிப்பித்தூள் மறுபக்கம், இரண்டும் சேர்ந்து மேலே சொன்ன எல்லா வருத்தத்தையும் ஒரே நேரத்தில் கொண்டுவரும்.

மாரியில் இலை கொட்டுகிறது, தண்டு மென்மையாகிறது

எங்களுக்கு வருஷத்து மழையில் பெரும்பங்கு ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள் கொட்டித் தீர்க்கிறது. எட்டு மாதம் காய்ந்து கிடந்த செடி திடீரென்று தண்ணீருக்குள் நிற்கிறது. இலை கொஞ்சம் கொட்டுவது இயல்பு, பயப்பட வேண்டாம். ஆனால் ஈரமண்ணில் நின்றுகொண்டே செடி வாடினால் வேர் அழுகுகிறது என்று அர்த்தம், அந்த வாட்டத்தைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் செடியைக் கொன்றுவிடுகிறார்கள்.

சாடியைச் சரித்து அடி ஓட்டையைப் பாருங்கள். பெரும்பாலும் வேர் வந்து அடைத்திருக்கும் அல்லது நிலத்தோடு ஒட்டி மண் பூசியிருக்கும். ஒரு கம்பியால் குத்தித் திறந்து, சாடியை மூன்று செங்கல்லின் மேல் தூக்கி வையுங்கள். மழை விடாமல் பெய்தால் கூரைக்கு அடியில் நகர்த்துங்கள். ஓட்டைக்குக் கிட்ட மணந்து பாருங்கள், சேற்று மணம் வந்தால் வேர் போய்க்கொண்டிருக்கிறது. அப்போது வேறு வழியில்லை, மெதுவாகக் கழற்றி, கறுத்துக் கூழான வேரை மட்டும் வெட்டி, இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு பருத்த ஆற்றுமணல், ஒரு பங்கு உக்கிய எரு சேர்ந்த புதுக் கலவையில் வைத்து, மேலே கொப்பையும் பாதிக்கு வெட்டிவிடுங்கள்.

இலையில் செம்மண்ணிறப் புள்ளி, சுற்றிவரக் கறுத்த வளையம் வந்தால் அது மழைக்காலத்து இலைப்புள்ளி. விழுந்த இலையைப் பொறுக்கி எரித்து, செடிக்குள் காற்றுப் போக நடுக்கொப்புகளை எடுத்துவிட்டு, மேலால் தண்ணீர் தெளிப்பதை நிறுத்தினால் தை மாத வெயிலில் தானாக நிற்கும். இதற்கு மருந்து வாங்கிச் செலவழிக்கத் தேவையில்லை.

இரண்டு நிறத்தில் பூத்த செடி ஒரே நிறமாகிவிட்டது

இங்கே இரண்டு விதமான செடி இருக்கிறது, கலந்துவிடாதீர்கள்.

மேரி பாமர் என்கிற இனம் கல்கத்தாவில் கிளம்பியது. ஒரே செடியில் வெள்ளைப் பூவும் மெஜந்தாப் பூவும் வரும், சில நேரம் ஒரே குலையில், சில நேரம் ஒரே செதிலின் ஒரு பாதி வெள்ளை மறு பாதி நிறம். இதன் உடம்பில் இரண்டு விதமான கலங்கள் அடுக்காக ஒட்டியிருக்கின்றன, எந்த அடுக்கிலிருந்து மொட்டு எழும்புகிறதோ அந்த நிறம். சில வருஷத்தில் ஒரு பக்கம் முழுக்க மெஜந்தாவாக மாறி மற்றதை அமுக்கிவிடும். ஒரே நிறமாகப் போன கொப்பைத் தயங்காமல் அது பிரிகிற அடியோடு வெட்டுங்கள். தண்டு போட்டு இன்னொரு செடி எடுப்பதென்றால் இரண்டு நிறமும் கலந்து பூக்கிற கொப்பில்தான் எடுக்க வேண்டும்.

மற்றது, "நாலு நிறம்" என்று சொல்லி விற்கிற ஒட்டுச் செடி. அடிமரம் ஒரு சாதி, மேலே ஒவ்வொரு கொப்பும் ஒவ்வொரு இனம். அடிமரத்திலிருந்து, ஒட்டுக்குக் கீழே, தடித்த முள்ளோடு வேகமாக ஒரு கொப்பு எழும்பும். பார்க்கச் செழிப்பாக இருக்கும், விட்டால் ஒரு மாரிக்குள் மேலே இருக்கிற எல்லாவற்றையும் பட்டினி போடும். முளைக்கும்போதே கையால் பிய்த்து எடுங்கள், கத்தியால் வெட்டினால் அடிமொட்டு மிஞ்சித் திரும்ப வரும். மேலே இருக்கிற இனங்களிலும் பலமான நிறத்தைக் கூடுதலாக வெட்டி, மெலிந்த நிறத்தைக் குறைவாக வெட்டுங்கள். வெள்ளையும் மஞ்சளும் பெரும்பாலும் மெலிந்த பக்கம்.

நிறம் மங்கல், அல்லது மாறுகிறது

செம்மஞ்சளாக விரிந்து இளஞ்சிவப்பாக முதிர்கிற இனங்கள் உண்டு, அது அவற்றின் அழகு. மஹாரா கூட விரியும்போது கடும் சிவப்பு, வயதாக ஊதாப் பக்கம் சாயும். நிழலில் நின்றால் எந்த இனமும் வெளிறும். போகன்விலாவின் நிறம் பீற்றூட்டில் இருக்கிற அதே வகைச் சாயம், முற்றத்து அந்திமந்தாரையும் வேலியோர மூக்கிரட்டையும் இதன் குடும்பம்தான், நிறத்தைப் பார்த்தாலே உறவு தெரியும்.

இலை ஓரம் அரிந்து கிடக்கிறது, அல்லது பஞ்சு போல வெள்ளை

ஓரம் வளைவு வளைவாகக் கடிபட்டால் மயிர் இல்லாத சின்னப் புழு, பகலில் தண்டோடு தண்டாக ஒட்டிக் கிடக்கும், கண்ணுக்குப் படாது. இரவு ஒன்பது மணிக்கு ரோச் லைற்றோடு போனால் பிடிபடும். கையால் எடுப்பதே போதும்.

நுனியில் வெள்ளைப் பஞ்சு, இலையில் பிசுபிசுப்பு, எறும்பு ஏறி இறங்குகிறது என்றால் மாவுப்பூச்சி. எறும்புதான் அதைக் காவித் திரிகிறது, ஆகவே எறும்பின் வழியை முதலில் மறியுங்கள். பூச்சியின் மேல் தண்ணீரை வேகமாக அடித்துக் கழுவி, பிறகு சவர்க்காரத் தண்ணீரில் வேப்பெண்ணெய் கலந்து பின்னேரத்தில் தெளியுங்கள், கிழமைக்கு ஒருக்கால், மூன்று முறை.

வாங்கி நட்ட கிழமையே எல்லா இலையும் கொட்டிவிட்டது

போகன்விலாவின் வேர் நூல் மாதிரி, மண்ணைப் பிடித்துக் கட்டி வைக்கத் தெரியாது. பையைக் கிழித்து மண் உதிர எடுத்தால் வேரில் பாதி அறுந்துவிடும். நகத்தால் தண்டைச் சுரண்டுங்கள், உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. அரை நிழலில் வைத்து, மண் காயக் காய மட்டும் கொஞ்சம் தண்ணீர், பசளை கிட்டவும் வேண்டாம். எங்கள் மஹாரா வந்த புதிதில் ஒன்றரை மாதம் வெறும் தடியாக நின்றது. அம்மா பிடுங்கி எறியச் சொன்னா, நான் தினமும் சுரண்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன், ஒரு காலமை அடிக்கணுவில் ஊசி முனை அளவில் செந்நிறத் துளிர் ஒன்று. அடுத்த முறை நடும்போது பையின் அடியை மட்டும் வட்டமாக வெட்டி எடுத்து, பையோடு குழியில் வைத்து, மண் போட்ட பிறகு பக்கத்தைக் கீறி மேலால் உருவி எடுங்கள்.

தண்டு போட்டேன், முளைத்தது, பிறகு செத்துவிட்டது

ஒற்றை இனம் எங்கே குத்தினாலும் வரும். அடுக்கு இனம் அப்படி வராது, தண்டிலிருக்கிற சத்தில் இரண்டு இலை விட்டுக் காட்டும், கீழே வேர் இருக்காது. இலை வந்ததைக் கண்டு வெயிலுக்கு மாற்றினால் முடிந்தது. பென்சில் தடிப்பில், பூக்காத முற்றிய கொப்பில், ஏழெட்டு அங்குலம் எடுத்து, நிழலில் இரண்டு மாதம் அசைக்காமல் விடுங்கள். அதைவிட எனக்குச் சரிவந்தது பதி வைத்தல். ஒரு கொப்பில் ஒரு அங்குல அகலத்துக்குப் பட்டையைச் சுற்றி எடுத்து, நனைத்துப் பிழிந்த தும்புத்தூளை வைத்து, பொலித்தீனால் இரண்டு பக்கமும் இறுக்கிக் கட்டுவது. ஐப்பசி முதல் மழையோடு கட்டினால் ஈரம் தானாக நிற்கும். பொலித்தீனுக்குள்ளால் வெள்ளை வேர் சுற்றி வருவது கண்ணுக்குத் தெரிகிற வரைக்கும் கட்டை அவிழ்க்க வேண்டாம், தெரிந்த பிறகும் இன்னும் ஒரு கிழமை விட்டு, வேர் மண்ணிறமாகத் தொடங்கியதும் கட்டுக்குக் கீழால் வெட்டி எடுங்கள்.